எந்தப் புத்தகம், எந்தக் கணக்குப் பொருள்? சிறப்புக் குழந்தைகளின் பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

(சிறப்பாசிரியர் ஒருவர் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"எந்தப் புத்தகம் வாங்கலாம், எந்த ஆப் நல்லது?" பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்க பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுது?" எந்த வகுப்பு என்று கேட்கவில்லை, எந்த இடம் என்று கேட்கிறேன். அது தெரியாமல் வாங்கும் பொருள் அலமாரிக்குத்தான் போகும். போன பணத்தைச் சம்பாதித்துவிடலாம். ஆனால் எட்டாத புத்தகத்தோடு ஒரு வருஷம் போராடிய பிள்ளை, "எனக்குப் படிப்பு வராது" என்று முடிவு கட்டிவிடும். அந்த முடிவை மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

முதலில் வாசிப்பு. வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு புத்தகத்தில் 50 சொற்கள் உள்ள ஒரு பத்தியைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்க. திருத்தாதீங்க, திட்டாதீங்க, தடுமாறும் சொற்களை மட்டும் குறிச்சுக்குங்க. ஐந்துக்கு மேல் போனால், பிள்ளை தனியாக வாசிக்க அந்தப் புத்தகம் கடினம் என்று வைத்துக்கொள்ளலாம். அதை நீங்கள் வாசித்துக் காட்டலாம். அவன் கையில் கொடுப்பது அதைவிட எளிதாக இருக்கட்டும்.

அடுத்து, குறித்த சொற்களைப் பாருங்க. ண, ன, ந குழம்புகிறதா? ல, ள, ழ குழம்புகிறதா? 'கெ', 'கே' போன்ற எழுத்துகளில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கொ' என்றால் குறி இரண்டு பக்கமும் இருக்கிறது. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு இது பெரிய சிக்கல். 247 எழுத்துகளையும் ஒரே அட்டையில் போட்ட சார்ட் இதற்கு உதவாது. சில எழுத்துகளை மட்டும் சொல்லிக்கொடுத்து, அவற்றாலேயே சொற்களை அமைக்கும் புத்தகம்தான் உதவும். ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தால் போதும்: படம், மடம், பட்டம், மட்டம் என நாலு சொல் வந்துவிடும். "நானே வாசிச்சேன்" என்ற அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த பக்கம் திரும்பும்.

இன்னொன்றையும் கவனியுங்க. 13 வயதுப் பையன் இரண்டாம் வகுப்பு அளவில்தான் வாசிக்கிறான் என்பதற்காக, முயல் படம் போட்ட பாப்பா புத்தகத்தை நீட்டாதீங்க. தம்பி தங்கச்சி பார்த்தால் அவனுக்குக் கூச்சமாக இருக்கும். மொழி எளிதாக இருக்கட்டும், விஷயம் அவன் வயசுக்கு ஏற்றதாக இருக்கட்டும். பஸ் போர்டு, கிரிக்கெட் ஸ்கோர், சமையல் குறிப்பு, நீங்களே அனுப்பும் இரண்டு வரி வாட்ஸ்அப் செய்தி எல்லாமே வாசிப்புப் பாடம்தான்.

இனி கணக்கு. கையால் தொட்டுச் செய்வது, படமாகப் பார்ப்பது, எண்ணாக எழுதுவது என்ற வரிசையில் போகும் பொருளைத் தேர்ந்தெடுங்க. விலை முக்கியமில்லை. புளியங்கொட்டையும் தென்னங்குச்சியும் போதும். பத்துக் குச்சியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் ஒரு 'பத்து'. 32-இல் 15 கழிக்க ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். 'கடன் வாங்குவது' என்றால் என்ன என்பது அப்போது கைக்கே புரிந்துவிடும்.

நம் எண்களின் பெயர்களிலும் ஒரு சிக்கல் உண்டு. எண்பதுக்கு அடுத்துத் தொண்ணூறு, எண்ணூறுக்கு அடுத்துத் தொள்ளாயிரம். தொண்ணூறில் 'நூறு' கேட்கிறது, தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' கேட்கிறது. பிள்ளை 90-க்குப் பதில் 100 எழுதினால் அது கவனக்குறைவு இல்லை, காது சொன்னதைக் கை எழுதுகிறது. அந்த இடத்தில் ஒன்பது கட்டுகளை எண்ண வையுங்க. வளர்ந்த பிள்ளைக்கு ரூபாய் நோட்டே நல்ல கருவி: 68 ரூபாய்க்குச் சாமான், 100 கொடுத்தால் மீதி எவ்வளவு?

போனில் கிடைப்பதையும் பயன்படுத்துங்க. திக்‌ஷா தளத்தில் பாடப்புத்தகங்கள் உள்ளன. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் நாலு விடையில் ஒன்றைத் தொடும் விளையாட்டு ஆப்களில் எச்சரிக்கை வேண்டும். எதுவுமே தெரியாமல் தொட்டால்கூட 20 கேள்வியில் சுமார் ஐந்து சரியாகிவிடும். திரையில் நட்சத்திரம் மின்னும், பிள்ளைக்குப் புரிந்ததா என்று தெரியாது. போனை மூடிவிட்டு அதே கணக்கைக் குச்சியில் செய்யச் சொல்லுங்க. செய்தால்தான் கற்றது.

கடைசியாக, காசு கொடுத்து வாங்கும் முன் உங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற மாணவருக்கு 18 வயது வரை புத்தகங்கள், கற்றல் பொருட்கள், தகுந்த உதவிக் கருவிகளைக் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்கிறது அதன் 17-ஆம் பிரிவு. ஆகவே கேட்பதற்குத் தயங்காதீங்க. பள்ளித் தலைமையாசிரியரிடமோ வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமோ பேசுங்க. பள்ளிக் கல்வி உதவி எண் 14417-ஐயும் அழைக்கலாம்.

அப்படிப் போகும்போது, நீங்கள் குறித்துவைத்த அந்தத் தடுமாற்றச் சொற்களின் தாளையும் பிள்ளை போட்ட கணக்கையும் கையோடு கொண்டுபோங்க. "என் பிள்ளைக்குப் படிப்பு வரலை" என்பதைவிட, "ல, ள குழம்புது, பத்தைப் பிரிக்கத் தெரியலை" என்று சொன்னால், எந்தப் பொருள் தேவை என்பதை அங்கேயே முடிவு செய்யலாம்.