அனுமதி கேட்காத ஆர்மோனியம்

மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கிறவன் நான். இரண்டு விஷயங்கள் எனக்கு உயிர். ஒன்று சினிமாப் பாட்டு. இன்னொன்று, தனிமனித சுதந்திரத்தைப் பேசும் தத்துவம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். நெருங்கிய சம்பந்தம் உண்டு.

சினிமாப் பாட்டின் தரம் கெட்டுவிட்டது, அரசாங்கம் ஒரு குழு போட்டுச் சீர்படுத்த வேண்டும் என்று இப்போது பலர் பேசுகிறார்கள். கேட்கும்போதே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. இந்த நாடு அதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டதே!

1952-ல் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சாஸ்திரிய சங்கீதத்தை உயிராக நேசித்தவர். அதற்காக வானொலியில் அவர் செய்தது பெரிய பணி, மறுக்கமாட்டேன். ஆனால் சினிமாப் பாட்டு அவருக்கு ஆகவில்லை. நேரத்தைக் குறைத்தார்கள். படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம், சொல்லக்கூடாது என்றார்கள். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு ஒலிபரப்பு அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றே போனது.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஊர்வலம் போனார்களா, மனுக் கொடுத்தார்களா? இல்லை. ரேடியோவின் முள்ளைத் திருப்பினார்கள், அவ்வளவுதான். இலங்கை வானொலி வந்தது. அறிவிப்பாளர்கள், இந்தியில் அமீன் சயானி, தமிழில் மயில்வாகனனார். கொழும்பிலிருந்து வந்த பாட்டைத் தமிழ்நாட்டுத் திண்ணைகள் கேட்டன. 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கி, அரசாங்கமே சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுத்தது. முள்ளைத் திருப்பிய கைகள்தான் அதைச் செய்தன.

பொருளியல் அறிஞர் பிரெடரிக் ஹாயெக் 1945-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சமூகத்துக்கு வேண்டிய அறிவு கோடிக்கணக்கான மனிதர்களிடம் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கிறது. எந்த அலுவலகமும் அதை ஒரு மேஜைமேல் சேர்த்து வைக்க முடியாது என்பது அதன் சாரம். பொருளாதாரத்துக்காக எழுதியதுதான். படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்ததோ இசையமைப்பாளர் எம். எஸ். விஸ்வநாதன்.

அவருடைய ஆர்மோனியத்தை எண்ணிப் பாருங்கள். 1940-லிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை. கட்டைகளில் கமகம் பேசாது என்பது காரணம். காரணம் உண்மைதான்! வாசிக்கிறவன் நானே சொல்கிறேன், கமகம் பேசாது. ஆனால் வானொலி விலக்கி வைத்த அதே பெட்டியின் முன்னால் உட்கார்ந்துதான் மெல்லிசை மன்னர் மெட்டுப் போட்டார். மெட்டு பெட்டியில் பிறந்தது, கமகம் பாடகி சுசீலாவின் குரலில் பிறந்தது. இதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? யாரும் கொடுக்கவில்லை.

1964-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் இரட்டையர். அந்த ஒரே ஆண்டில் 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை'. கர்ணனுக்கு இந்துஸ்தானி ராகங்கள், ஷெனாய். காதலிக்க நேரமில்லைக்கு மேல்நாட்டுத் துள்ளல். ஒரு குழு உட்கார்ந்திருந்தால், ஒன்றுக்கு 'இது நம் தெற்கத்தி மரபல்ல' என்றிருக்கும், இன்னொன்றுக்கு 'இது இந்தியாவே அல்ல' என்றிருக்கும்.

புதிய பறவையில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். சௌகார் ஜானகி மேடையில் பாடுவதாக வரும் பாட்டு, சுசீலாவின் குரல். படத்தில் அது இரண்டு முறை வரும். முதல் முறை தாளம் மினுக்கும், வாத்தியங்கள் சிரிக்கும். இரண்டாம் முறை அதே மெட்டு, அதே குரல், ஆனால் முதுகுத்தண்டு சில்லிடும். வேகம் இறங்குகிறது, சொற்களுக்கு நடுவே இடம் விழுகிறது. ஸ்வரங்களை மாற்றாமல் அர்த்தத்தை மாற்றிவிடுகிறார்கள். மறுபடியும் சொல்கிறேன்: ஸ்வரங்களை மாற்றாமல் அர்த்தத்தை மாற்றிவிடுகிறார்கள். இதற்கு இணையாக வேறு யாரையும் நான் வைக்கமாட்டேன். இளையராஜா ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்; வரட்டும்.

ஒரு கல்யாண வரவேற்பில் ஒரு பெரியவர் சீட்டு அனுப்பினார். அந்த இரண்டாவது வடிவம்தான் வேண்டுமாம். பெண் வீட்டார் முகம் சுளித்தார்கள்: "சுப நிகழ்ச்சியில் சோகப் பாட்டா?" மண்டபம் அவர்கள் எடுத்தது, விருந்து அவர்களுடையது. அவர்கள் சொன்னது சரி. நாங்கள் வாசிக்கவில்லை. பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பெரியவரை மேடையருகே கூப்பிட்டு அவருக்காக வாசித்தேன். யாருக்கும் நஷ்டமில்லை. சுதந்திரம் என்று நான் சொல்வது இதைத்தான். உன் வீட்டில் உனக்குப் பிடிக்காததை விலக்கி வை. ஊரிலேயே கூடாது என்று சொல்லாதே.

மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று கண்ணதாசனும் விஸ்வநாதனும் மல்லுக்கட்டியதை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். கவிஞர் வரியை விட்டுக்கொடுப்பார், இல்லாவிட்டால் இவர் மெட்டை மாற்றுவார். இரண்டு பேரும் மனமொப்பிக் கைகுலுக்கும்வரை பாட்டு பாட்டாகாது. மேலதிகாரி கிடையாது, உத்தரவு கிடையாது.

ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, லைசென்ஸ் பெர்மிட் ராஜ்யம் வேண்டாம் என்று முதிய வயதில் ஊர் ஊராகப் பேசினார். அவருக்குச் சினிமா பிடிக்காது என்பது ஊரறிந்த செய்தி. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் தறிக்கும் ஆலைக்கும் அவர் கேட்ட அதே உரிமையை நான் ஆர்மோனியப் பெட்டிக்கும் கேட்கிறேன்.

ஆகவே தரக்குழு கேட்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைய பாட்டு உங்களுக்குப் பிடிக்கவில்லையா? எனக்கும் பல பிடிப்பதில்லை. பிடிக்கவில்லை என்று உரக்கச் சொல்லுங்கள், நல்லதைத் தேடிக் காசு கொடுத்துக் கேளுங்கள், பிள்ளைகளுக்குப் புதிய பறவையைப் போட்டுக் காட்டுங்கள். குழு மட்டும் வேண்டாம்.