சபாநாயகர் நாற்காலியும் தலையெழுத்தும்

(இராயபுரத்தில் தொழிலாளர் கூட்டமொன்றில் நாம் பேசியதன் சாராம்சம்)



துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரைக் கேட்டாலும், எண்ணூரில் வலை இழுப்பவரைக் கேட்டாலும், "எல்லாம் நம் தலையெழுத்து" என்கிறார்கள். முன்ஜென்ம வினைப்படி பிறப்பு, பிறப்பின்படி தொழில் என்று அவர்களுக்குச் சொல்லி வைக்கப்பட்டிருக்கிறது. இது மெய்தானா என்பதற்கு நம் சட்டசபை நாற்காலி ஒன்றையே சாட்சிக்கு அழைப்போம்.

1901-இல் பிறந்த தோழர் ஜெ. சிவசண்முகம் பிள்ளை, தீண்டப்படாதவர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட வகுப்பினர். 1937-இல் சென்னை நகர மேயரானார். அவ்வகுப்பிலிருந்து மேயரானவர்களில் அவரே முதல்வர். 1946-இல் சென்னைச் சட்டசபையின் சபாநாயகராகி 1955 வரை அந்த ஸ்தானத்தில் இருந்தார். உயர்ந்த ஜாதி என்று சொல்லிக் கொண்ட அங்கத்தினர்களும், ஏன், முதல் மந்திரியுங்கூட அவர் அனுமதி பெற்றுத்தான் வாய் திறக்க வேண்டும். தெருவில் எட்டி நிற்கச் சொன்ன சாஸ்திரம் அப்போது எங்கே போயிற்று? வானம் இடிந்து விழுந்ததா? இந்தக் கடல்தான் பொங்கிற்றா?

1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தபோது சபைக்குத் தலைவர் அவரே. கோவிலுக்குள் விடலாமா கூடாதா என்று யாரைப்பற்றி வாதம் நடந்ததோ, அவர்களில் ஒருவரே சபையை நடத்தினார்!

1953-இல் முதல் மந்திரி இராஜாஜி ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தார். கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பு நாளைக்கு 3 மணி நேரம் போதும், மிச்ச நேரத்தில் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்பது அதன் கருத்து. 'குலக்கல்வி' என்று நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பி 1954-இல் அது கைவிடப்பட்டது. சபாநாயகர் கட்சி பேசக் கூடாது. ஓட்டு சமமாய்ப் பிரிந்தால்தான் தம் ஓட்டைப் போடலாம். ஆனால், பிறப்புக்கேற்ற தொழில் என்பது சரியானால், அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே முடியாதே!

மீனவர் சமூகத்தில் பிறந்து இந்த இராயபுரத்தின் பிரதிநிதியாயிருந்த டி. ஜெயக்குமாரும் 2011-இல் சபாநாயகரானார். அடுத்து 2012-இல் அருந்ததியர் சமூகத்தில் பிறந்த ப. தனபால் வந்து 2021 வரை இருந்தார். ஆனால் கணக்கைப் பாருங்கள்: சிவசண்முகம் பிள்ளைக்குப் பின் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் அங்கே உட்கார 57 வருஷம் ஆயிற்று!

ஆகவே, ஒருவர் இருவர் மேலே வந்ததால் ஜாதி ஒழிந்ததென்று மகிழ்ந்து விடாதீர்கள். பாதுகாப்பின்றிச் சாக்கடைக் குழியில் ஆளை இறக்கக் கூடாதென்று 2013-இல் சட்டமாயிற்று. இன்றும் அக்குழியில் இறங்குபவர் எந்த வகுப்பார்? எழுதியவன் கடவுளானால் நாற்காலிக்கு மட்டும் எழுத்தை மாற்றி, குழிக்கு மாற்றாமல் விட்டதேன்? படிப்பும் சந்தர்ப்பமும் கிடைத்த இடத்தில் தலையெழுத்து அழிந்தது. கிடைக்காத இடத்தில் நிற்கிறது. இவ்வளவுதான் இரகசியம்.

எனவே, உங்கள் பிள்ளைகளை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, எவ்வளவு கஷ்டமானாலும் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.