எட்டாம் மாதத்துப் பிள்ளை



"ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது" என்று நம் ஆவடி வீடுகளில் இன்றும் சொல்லக் கேட்கிறோம். இது தவறு. கருவறையில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரல் முதிர்கிறது. அதன் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் கசிவு கடைசி வாரங்களில்தான் போதுமான அளவு சுரக்கிறது. 1963இல் ஜனாதிபதி கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். உடனே ஞானஸ்நானம் பெற்றான். இரண்டு நாள் நிறையுமுன் மூச்சுத் திணறி இறந்தான். அன்று ஜனாதிபதி மகனுக்கும் கிட்டாத மருந்து, அக்கசிவுக்கு மாற்றானது, இன்று சென்னையிலேயே கிடைக்கிறது.

எழும்பூர் போய்ச் சேரும்வரை என்ன செய்வது? இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தோலடிக் கொழுப்பு சொற்பம். உடற்சூடு விரைவில் இறங்கிவிடும். குளிப்பாட்ட வேண்டாம், சேனை தொட்டு வைக்க வேண்டாம். தாயின் மார்போடு, தோலோடு தோல் படச் சேர்த்துத் துணியால் போர்த்துங்கள். 1978இல், இன்குபேட்டர் போதாத பொகோட்டா நகரில் மருத்துவர் எட்கர் ரேய் கண்ட வழி இது. தாய்க்கு முடியாவிட்டால் தகப்பன் மார்பும் ஆகும், வெட்கப்பட வேண்டாம்.

அவசர ஞானஸ்நானத்திற்கு நம்மிடம் ஓடி வருகிறீர்கள். வாருங்கள், ஆனால் 108ஐ அழைத்துவிட்டு வாருங்கள். நாம் வரத் தாமதமானால் நீங்களே ஞானஸ்நானம் கொடுக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கரண்டி போதும். உடனே தலையைத் துடைத்துவிடுங்கள்.