ரங்கூனில் தாத்தா வீட்டைத் தேடி
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)



1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அதன்பின் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். பலர் காடு மலை வழியாக நடந்தே வந்தார்கள். வழியிலேயே இறந்தவர்களும் ஏராளம். என் தாத்தா பாட்டி அப்படி நடந்து வந்தவர்கள். அதனால் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். பாட்டி எப்போதாவது சொன்னது இரண்டுதான்: பிரேசர் தெரு, காளி கோயில்.

2018-ல் அங்கே போனேன். இப்போது ஊர் பெயரே யாங்கூன். பிரேசர் தெரு, அனவ்ரதா சாலை ஆகிவிட்டது. மொகல் தெரு ஷ்வே பொந்தா தெரு. டல்ஹௌசி தெரு மகா பண்டுலா சாலை. பழைய பெயரும் புதுப் பெயரும் தெரிந்தால்தான் தேடவே முடியும்.

தமிழர்கள் 1871-ல் கட்டிய காளி கோயில் அனவ்ரதா சாலையில் இன்றும் இருக்கிறது. அங்கே ஒரு பெரியவர் தமிழிலேயே கேட்டார்: "தாத்தாவுக்கு எந்த ஊர்? என்ன தொழில்? யார் கடையில் இருந்தார்?" பதில் தெரிந்த பாட்டி அப்போது உயிரோடு இல்லை. வீடு கிடைக்கவில்லை.

நம் குடியிருப்பிலும் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் உண்டு. 1964-க்குப் பிறகு கப்பலில் வந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். தெரு, தொழில், முதலாளி பெயர், சொந்த ஊர், கும்பிட்ட கோயில் ஆகிய ஐந்தையும் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். டிக்கெட் பிறகு எடுக்கலாம்.