பட்ட மரமும் உதிர்ந்த மரமும்



மாசி, பங்குனித் திங்களில் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்குச் செல்வோர், வழியிலுள்ள காட்டைக் கண்டு, மரங்கள் பட்டுப்போயின என்று இரங்குவர். என் மாணவர் பலரும் அவ்வாறே கருதினர். உண்மை அதுவன்று.

உசிலை, வெக்காலி, புரசு ஆகியன இலையுதிர் மரங்கள். இலையின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கோடையில் வேருக்கு அத்துணை நீர் கிட்டாது. ஆகவே மரம், இலையிலுள்ள சத்தில் ஒரு பகுதியைத் தண்டுக்கு மீட்டுக்கொண்டு, காம்பின் அடியில் மெல்லியதோர் அடுக்கை அமைத்து, இலையை உதிர்த்துவிடுகின்றது. வரவு குறைந்தபோது செலவைச் சுருக்கும் நல்ல குடும்பத்தை இது ஒக்கும். குளிர்நாடுகளில் பல மரங்கள் பனிக்காலத்தை முன்னிட்டு உதிர்க்கின்றன; நம் காட்டு மரங்கள் வறட்சியை முன்னிட்டு உதிர்க்கின்றன.

நம் தோட்டத்து மாமரமோ பசுமைமாறா மரம். அதுவும் இலை உதிர்ப்பதே. ஆயினும் ஒருங்கே உதிர்ப்பதில்லை. ஒரு கிளையில் முதிர்ந்த இலை வீழ, மற்றொரு கிளை தளிர்க்கும். தடித்த இலையும் ஆழ்ந்த வேரும் அதனைக் கோடையில் காக்கின்றன. மழை மிகுந்த மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் பசுமைமாறா மரங்களே பெருங்காடாக நிற்கின்றன.

இவ்வேற்றுமையை அறியாமையால் விளையும் கேடு பெரிது. இலையற்ற மரத்தை விறகென வெட்டுகின்றோம்; சருகைக் குப்பையெனக் கொளுத்துகின்றோம். கோடரியை எடுக்குமுன் சிறு கிளையின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் மரத்துக்கு உயிர் உண்டு. சருகையும் விட்டுவையுங்கள். அது மண்ணின் ஈரத்தைக் காத்து, மட்கி, உதிர்த்த மரத்துக்கே உணவாகும்.