கடலோரத்தில் ஒரு கூட்டுக் குடியிருப்பு



"படிப்பு முடிஞ்சா ஆளுக்கொரு திசைதானுங்களா?" என்று காலையில் ஒரு மாணவி கேட்டார். பதிலுக்கு, 1911-இல் நம்ம கோயமுத்தூரில் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் கதையைச் சொல்கிறேன்.

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் அவர் முதல்வராக இருந்தார். ஓவியத்தை மட்டும் நம்பி மாணவர்களால் பிழைக்க முடியவில்லை. எல்லோரும் சேர்ந்து பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தக் காசில் 1966-இல் ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் சுமார் 10 ஏக்கர் வாங்கிக் குடியேறினார்கள். அதுதான் சோழமண்டலம் கலைஞர் கிராமம்.

வீடும் அங்கே, பட்டறையும் அங்கே. வேலைக்குப் போக வண்டி எதற்குங்க? நடந்தால் போதும். நிர்வாகமும் அவர்களே. 1977-இல் பணிக்கர் மறைந்தார், கிராமம் நிற்கிறது. வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் பறக்கின்றன.

நமக்குக் கடல் இல்லை, சங்கம் இருக்குதுங்க. வருஷத்துக்கு ஒரு நாள் கூடிச் சாப்பிட்டுக் கலைவதற்கா அது? நம்மில் பலர் பட்டறை வைத்திருக்கிறோம். படித்துவிட்டு நிற்கிற பிள்ளைக்கு அதில் ஒரு மூலையும் முதல் ஆர்டரும் கொடுப்போம். ஆளுக்கொரு திசை போனாலும் கை விடமாட்டோம் என்று அந்தத் தங்கச்சிக்குச் சொல்ல ஆசை.