கண்டியின் பெயரை யார் சொல்கிறார்கள்?



கண்டி வர்த்தகர்களும் பேராசிரியர்களும் மாணவர்களும் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்கின் தலைப்பில் ஒரு முறைப்பாடு ஒளிந்திருக்கிறது. தேடுபொறியில் நம் இணையத்தளங்களுக்கு மேலே முகமறியாதவர்களின் கருத்துக்களங்கள் ஏறி நிற்கின்றன, அவற்றைக் கீழே இறக்குவது எப்படி என்பதே அது. எனக்கு அந்த முறைப்பாட்டில் பாதிதான் உடன்பாடு.

கூகுள் 2022 செப்ரெம்பரில் கருத்துக்களங்களுக்குத் தன் முடிவுகளில் தனியிடம் கொடுத்தது. 2024 பெப்ரவரியில் ரெடிட் என்ற கருத்துக்களத்தின் பதிவுகளைப் பயன்படுத்த உடன்பாடும் செய்துகொண்டது. ஆனால், அதற்கு வெகு முன்பே தேடுபவர்கள் தங்கள் கேள்வியின் வாலில் 'ரெடிட்' என்று தாங்களே சேர்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கொமிஷனுக்காக எழுதப்பட்ட 'சிறந்த பத்து' கட்டுரைகளைப் படித்து அலுத்துப்போனவர்கள் அவர்கள். சனங்கள் முன்னே போனார்கள், கூகுள் பின்னே போனது.

இனி நம் ஊருக்கு வருவோம். மாவனல்லைப் பக்கமும் மாத்தளைப் பக்கமும் வீதியோரம் இருக்கும் ஸ்பைஸ் கார்டன்களைப் பற்றிப் பயணிகள் எழுதுவதைப் படித்தால் ஒரே கதை திரும்பத் திரும்ப வரும். சாரதி கேட்காமலே வண்டியை நிறுத்துகிறார். தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவது இலவசம். கறுவா, கராம்பு, சாதிக்காய் எல்லாம் முகர்ந்து பார்த்தாயிற்று, தோளில் கொஞ்சம் எண்ணெயும் தேய்த்தாயிற்று. கடைசியில் ஒரு கடை. அங்கே விலைச்சீட்டு இல்லை. கேட்டால் சொல்லும் விலையோ கண்டி மார்க்கெட் விலையைப் பல மடங்கு தாண்டும். கண்டி வாவிக்கரையிலே இன்னொரு கதை: "நான் உங்கள் ஹோட்டலில் வேலை செய்பவன், ஞாபகமில்லையா?" என்று ஒருவர் கூட நடப்பார். நடை ஏதோ ஒரு மாணிக்கக் கடையில் முடியும்.

எழுதுகிற பயணிக்குக் கடையின் பெயர் பெரும்பாலும் நினைவிருக்காது. 'கண்டி' என்று எழுதிவிடுவார். சீட்டில் எழுதிய விலைக்கே விற்கும் நேர்மையான தோட்டக்காரரும் அந்த ஒரு சொல்லுக்குள் அகப்பட்டுக்கொள்கிறார். வர்த்தகநாமம் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஒரு நிறுவனத்துக்கு ஒரு பெயர் என்று வைத்துப் பேசுகின்றன. இங்கே நூறு கடைக்கும் பெயர் ஒன்றுதான்.

பயணி வேடம் போட்டு நாமே புகழ்ந்து எழுதலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். பணமும் போகும், மானமும் போகும். நேற்றுப் பிறந்த கணக்கு ஒரே கடையைப் போற்றினால் களத்தில் பழகியவர்கள் உடனே மோப்பம் பிடிப்பார்கள். அமெரிக்காவில் போலி விமர்சனங்களைத் தடைசெய்யும் விதி 2024 ஒக்ரோபரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.

அதற்காகக் கருத்துக்களம் சத்தியவாக்கு ஆகிவிடாது. பீட்சாவில் பசை கலக்கலாம் என்று 2024 மே மாதம் கூகுளின் செயற்கை நுண்ணறிவு சொன்னது, ரெடிட்டில் கிடந்த ஒரு பழைய பகிடியை நம்பி. பகிடிக்கே இந்தக் கதி என்றால், பத்து வருடத்துக்கு முந்திய முறைப்பாடு இன்றைய பதிலாக வந்து நிற்பதில் வியப்பில்லை. ஆகவே அந்தப் பதிவின் கீழேயே, சொந்தப் பெயரில், திகதியிட்டு, உங்கள் கடையில் எது திருத்தப்பட்டது என்று எழுதுங்கள். அடுத்த பயணியும் படிப்பார், இயந்திரமும் படிக்கும். திருத்தாமல் எழுதுவதானால் எழுதாமல் இருப்பதே மேல்.

பொதுப் பெயரைக் காப்பது நமக்குப் புதிதல்ல. தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை கலப்பில்லாத இலங்கைத் தேயிலைக்கு, அதுவும் இங்கேயே பொதி செய்யப்பட்டதற்கு மட்டுமே கிடைக்கும். அதன் மதிப்பு விளம்பரத்தில் இல்லை, அந்த நிபந்தனையில் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட இந்த மலைநாட்டில், வாசனைத் திரவியத்துக்கும் அப்படியொரு நிபந்தனையை வியாபாரிகளே கூடி ஏற்படுத்த முடியாதா? விலைச்சீட்டு கட்டாயம், சாரதியின் கொமிஷன் வெளிப்படை. இந்த இரண்டும் போதும், தொடங்குவதற்கு.

தேடுபொறி நுட்பங்களைப் பற்றிய அமர்வைப் பிற்பகலுக்குத் தள்ளி, கொமிஷன் முறை பற்றிய அமர்வைக் காலையில் வைக்கும்படி கேட்டவன் நான்தான். சிலருக்கு வருத்தம் என்று அறிகிறேன். முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.